மில் சிலம்பக் குழுவில் பையனுக்கு விரலில் அடி. இனி எப்படி நடத்துவது?

தாழையூத்து பிட்டர்:

எல்லோருக்கும் வணக்கம். திருநெல்வேலியிலிருந்து மதுரை போகிற ரோட்டில் ஒரு நூற்பாலையில் மெஷின்களைப் பழுது பார்க்கிற பிட்டராக இருக்கிறேன். வயது 51. சின்ன வயதில் சீவலப்பேரிப் பக்கம் ஒரு ஆசானிடம் ஒன்பது வருடம் கம்பு படித்தவன். கூட வேலை பார்க்கிறவர்கள் கேட்டுக்கொண்டதால் இந்த வருடம் தைப்பொங்கல் முடிந்ததும் மில்லுக்குள்ளேயே ஒரு சிலம்பக் குழு ஆரம்பித்தோம். பதினான்கு பேர். சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் ஒரு வேப்பமரம், அதை ஒட்டிக் கொஞ்சம் செம்மண் தரை. புதனும் ஞாயிறும் சாயங்காலம் 5 மணிக்குக் கூடுவோம்.

மூன்று ஷிப்ட் ஓடுகிற மில்லில் இது சுலபமில்லை. 6 மணி ஷிப்ட் ஆள் வேலை முடிந்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் திரும்பி வரவேண்டும். ராத்திரி 10 மணி ஷிப்ட் ஆள் தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு வரவேண்டும். மத்தியான ஷிப்டுக்காரர்களுக்கு அந்த வாரம் கிடையாது. வாராவாரம் ஷிப்ட் மாறுவதால் மூன்று வாரத்தில் ஒரு வாரம் எல்லோருக்கும் விட்டுப்போகும். அப்படியும் வந்தார்கள். எட்டு மணி நேரம் மெஷின் இரைச்சலில் நின்றுவிட்டு வந்து, கம்பு காற்றை வெட்டுகிற சத்தத்தைக் கேட்டதும் அந்த முகங்கள் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஆடியில் ஒரு பையன் சேர்ந்தான். வயது 22, ஸ்பின்னிங்கில் சைடர், அதாவது நூற்பு மெஷினைப் பார்த்துக்கொள்கிறவன். என் ஆசான் முறைப்படி முதல் ஆறு மாதம் கால் வைக்கிற முறையான காலடிதான். அப்புறம் தனியாகக் கம்பு சுழற்றுகிற வீச்சு. ஒரு வருடம் ஆன பிறகுதான் எதிரில் ஆள். நானும் அப்படித்தான் நடத்தி வந்தேன். ஆயுத பூஜைக்கு மில்லில் எல்லோர் முன்னாலும் ஒரு ஆட்டம் காட்டலாம் என்று பேச்சு வந்தது. வெறும் வீச்சு மட்டும் காட்டினால் சப்பென்று இருக்கும், ஜோடி போட்டு அடிக்க வேண்டும் என்றார்கள். நானும் சரி என்றேன். அது என் தப்பு, வேறு யார் தப்பும் இல்லை.

பூஜைக்குப் பத்து நாள் முன்னால் அந்தப் பையனையும் ஒரு எலக்ட்ரீசியனையும் எதிரெதிரே நிறுத்தினேன். அவர் கம்பை மேலிருந்து இறக்கினார். பையன் சரியாகத்தான் தடுத்தான். ஆனால் சிலம்பக் கம்பில் வாளுக்கு இருப்பது மாதிரி கைக்காப்பு கிடையாது. மேலே விழுந்த கம்பு அவன் கம்பின் மேலேயே வழுக்கிக்கொண்டு வந்து வலதுகை ஆட்காட்டி விரல் நுனியில் அடித்துவிட்டது. ஒரு சத்தம்கூட வரவில்லை. அவன் கம்பைக் கீழே வைத்துவிட்டுக் கையை அக்குளில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தான்.

கட்டுப் போடுகிற வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். எண்ணெய் போட்டு உருவிக் கட்டினார். வீக்கம் வடிந்துவிட்டது. ஆனால் மூன்று வாரமாகியும் விரல் நுனி மடங்கியே தொங்குகிறது, தானாக நிமிரவில்லை. சைடருக்கு ஆட்காட்டி விரலும் கட்டைவிரலும்தான் பிழைப்பு. அறுந்த இழையை எடுத்து ஓடுகிற கதிரில் ஒட்டவைப்பது அந்த இரண்டு விரல்தான். பத்து நாள் லீவு போட்டுவிட்டு வந்தவனை இப்போது கூட்டுகிற வேலையில் வைத்திருக்கிறார்கள்.

அதிகாரி குழுவை நிறுத்தச் சொல்லிவிட்டார். வாய் வார்த்தையாகக் கிடைத்த அனுமதி, வாய் வார்த்தையாகவே போய்விட்டது. பையன் வீட்டுக்கு நான் இன்னும் போகவில்லை. அவன் அம்மா முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

கேட்க வந்தது இதுதான். உழைக்கிற கைக்குச் சேதம் வராமல் ஒரு வேலையிடத்தில் சிலம்பம் நடத்த முடியுமா? நடத்தியவர்கள் இருந்தால் எப்படி நடத்தினீர்கள் என்று சொல்லுங்கள். முடியாது என்றால் அதையும் நேராகச் சொல்லுங்கள், விட்டுவிடுகிறேன்.

பாளை பிசியோ:

அண்ணாச்சி, உங்கள் கேள்விக்கு மற்றவர்கள் பதில் சொல்லட்டும். நான் அந்த விரலைப் பற்றி மட்டும் பேசுகிறேன், அதுதான் அவசரம்.

நுனியில் அடிபட்டு, வீக்கம் வடிந்த பிறகும் முதல் கணு மடங்கித் தொங்குகிறது, தானாக நிமிர்த்த முடியவில்லை, ஆனால் அடுத்த கையால் தூக்கினால் நிமிர்கிறது என்றால், விரலை நிமிர்த்துகிற தசைநார் நுனியில் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். சில சமயம் அந்த நார் ஒரு சின்ன எலும்புத் துணுக்கையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். அது எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும். கிரிக்கெட் பந்து விரல் நுனியில் பட்டவர்களுக்கும் இதுதான் வரும்.

இதை உருவி சரிசெய்ய முடியாது. இனிமேல் யாரையும் உருவ விடாதீர்கள். எலும்பு டாக்டர் பார்த்துச் சரி என்றால், நுனிக் கணுவை மட்டும் நேராக நிறுத்துகிற சின்ன ஸ்பிளிண்ட் போடுவார்கள். ஆறிலிருந்து எட்டு வாரம், ராவும் பகலும். குளிக்கும்போதும் தூங்கும்போதும் கழற்றக் கூடாது. தோலைத் துடைக்கக் கழற்ற வேண்டி வந்தால், விரலை மேஜைமேல் நீட்டி வைத்து, நுனி மடங்காமல் பார்த்துக்கொண்டு துடைக்க வேண்டும். நடுவில் ஒரு தடவை மடங்கினாலும் எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்கச் சொல்வார்கள். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். ஐந்தாவது வாரம் வலி இல்லை என்று கழற்றி வைத்துவிடுவார்கள்.

மூன்று வாரம் தாமதமாகிவிட்டது, உண்மைதான். ஆனாலும் இப்போது போட்டாலும் பலன் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. நாளைக்கே அனுப்புங்கள்.

ஒன்று மட்டும் உங்கள் குழுவுக்கும் சொல்கிறேன். கம்பு எடுக்கும் முன் எல்லோரும் மோதிரத்தைக் கழற்றி வைக்க வேண்டும். விரல் வீங்கிய பிறகு மோதிரம் இறங்காது, ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும்.

தாழையூத்து பிட்டர்:

ரொம்ப நன்றிங்க. நீங்கள் எழுதியதை அப்படியே அவனுக்குப் படித்துக் காட்டினேன். அடுத்த கையால் தூக்கினால் நிமிர்கிறது. நாளைக் காலை கூட்டிக்கொண்டு போகிறேன்.

விக்கிரமசிங்கபுரம் பழைய ஜாபர்:

தம்பி, நான் மில் ஜாபராக, அதாவது மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஊரே மில்லால் வளர்ந்த ஊர். பாபநாசத்துத் தண்ணீரை நம்பி 1880-களில் மில் வந்தது. ஷிப்ட் முடிந்து கோயில் திடலில் கம்பு சுற்றுவது எங்கள் காலத்தில் சாதாரணம். அதனால் முடியுமா என்று கேட்காதே. முடியும், நாங்கள் செய்தோம்.

நீ எழுதியதில் எனக்கு ஒரு இடம் உறுத்துகிறது. உன் ஆசான் முறை சரியாகத்தான் இருந்தது. ஆட்டம் காட்ட வேண்டும் என்று வந்ததும் முறை போய்விட்டது. கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கம்பு ஆடுகிறவர்களிடமும் இதைப் பார்த்திருக்கிறேன். மேளம் கேட்டதும் கை நீளும், கால் நின்றுவிடும். அடி விழுவது அப்போதுதான். பார்க்க ஆள் வருகிற நாளில் எதிராட்டம் வேண்டாம். வீச்சு மட்டும் காட்டு. சப்பென்று இருக்காது. நல்ல நெடுங்கம்பு வீச்சு பார்த்தவன் யாரும் சப்பென்று இருக்கிறது என்று சொல்ல மாட்டான்.

எங்கள் வாத்தியார் எதிராட்டத்தை எப்படிச் சொல்லிக்கொடுத்தார் என்று சொல்கிறேன். முதலில் மூங்கிலை எடுத்துவிட்டார். ஜோடி ஆட்டத்துக்குப் பிரம்புதான். மூங்கில் விறைப்பு, பட்டால் முழு அடியும் எலும்பில் இறங்கும். பிரம்பு வளையும், பாதி அடியை அதுவே வாங்கிக்கொள்ளும். மூங்கிலில் இன்னொரு தொல்லை, வெடித்த இடத்தில் சிலாம்பு கிளம்பும். கம்பு எடுக்கும் முன் பழந்துணியால் மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை உருவிப் பார்க்கச் சொல்வார். துணி மாட்டினால் அந்தக் கம்பு அன்றைக்குக் கிடையாது.

இரண்டாவது, தூரம். இரண்டு பேரும் கம்பை நீட்டினால் நுனியும் நுனியும் தொடவேண்டும், அவ்வளவுதான். முதல் மூன்று மாதம் அந்தத் தூரத்தைத் தாண்டிக் கால் வைக்கக் கூடாது. உங்கள் பையனுக்கு வழுக்கி வந்த கம்பு நுனியில்லை, நடுக்கம்பாக இருந்திருக்கும். அப்படியென்றால் இரண்டு பேரும் கிட்ட நின்றிருக்கிறார்கள்.

மூன்றாவது, தடுக்கிற கம்பைப் படுக்கையாகப் பிடிக்கக் கூடாது. சாய்வாகப் பிடிக்க வேண்டும். அதுவும் கைக்கு எதிர்ப்பக்கம் சாய்வு இறங்க வேண்டும். ஓட்டுக்கூரையில் மழைத்தண்ணி ஓடுகிற மாதிரி வந்த அடி வெளியே ஓடிவிடும். தடுக்கத் தெரிந்த எல்லோருக்கும் இது தெரியும் என்று நினைக்காதே. காலடி பழகாதவனுக்குச் சாய்வு வராது. பயத்தில் கை தானாகப் படுக்கையாகிவிடும். ஆறு மாதக் காலடி என்று உன் ஆசான் சொன்னது இதற்காகத்தான் இருக்கும்.

அப்புறம் ஒன்று, நீ எழுதவில்லை, ஆனாலும் கேட்கிறேன். தீப்பந்தம் சுற்ற வேண்டும் என்று எவனாவது கேட்டிருப்பானே? பஞ்சு மில்லுக்குள் அந்தப் பேச்சே கூடாது. ஷிப்ட் முடிந்து வருகிறவன் சட்டையிலும் முடியிலும் பஞ்சுத் தூசி ஒட்டியிருக்கும். ஒரு பொறி போதும்.

மேலப்பாளையம் தம்பி:

பெரியவர் சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன், மன்னிக்கணும். வீச்சு மட்டும் போதும் என்றால் இளவட்டங்கள் நிற்க மாட்டார்கள். நான் போட்டிகளுக்குப் போகிறவன். தமிழக அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு இடஒதுக்கீட்டில் 2021-இல் சிலம்பத்தையும் சேர்த்த பிறகு எங்கள் ஊர்ப் பக்கம் கம்பு எடுக்கிற பிள்ளைகள் கூடியிருக்கிறார்கள். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் செயல்விளக்க விளையாட்டாகச் சிலம்பம் வந்தது. எதிராட்டம் இல்லாமல் சிலம்பம் இல்லை அண்ணே.

ஆனால் எதிராட்டம் என்றால் அடிக்க வேண்டும் என்று இல்லை, தொட்டால் போதும். பழைய ஆட்களே கம்பு நுனியில் கரியையோ சுண்ணாம்பையோ தடவி, யார் உடம்பில் எத்தனை அடையாளம் என்று எண்ணினார்கள். தலைக்கவசம் போடுங்கள். கைக்கு ஹாக்கி கோல்கீப்பர் மாதிரி மொத்தமாக வேண்டாம், கம்புப் பிடி தெரியாமல் போய்விடும். விரல்மேல் மட்டும் பட்டை வைத்த கையுறை போதும். வெள்ளைச் சட்டை போட்டு, நுனியில் கரி தடவி ஒரு தடவை ஆடிப் பாருங்கள். அடிக்கிற வேகம் தானாகக் குறையும். ஏனென்றால் பலமாக அடித்தாலும் ஒரு கரிக்கோடுதான், மெதுவாகத் தொட்டாலும் அதே கரிக்கோடுதான்.

விக்கிரமசிங்கபுரம் பழைய ஜாபர்:

தம்பி சொல்வது சரி, கரி நுனியை நான் மறந்துவிட்டேன். ஆனால் ஒரு வருடம் கழித்துத்தான். அதில் நான் இறங்கிவர மாட்டேன்.

முக்கூடல் அக்கா:

எல்லோரும் கம்பைப் பற்றியே எழுதுகிறீர்கள். அந்தப் பையன் வீட்டைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

நான் பன்னிரண்டு வருடம் மில்லில் நூலைக் கோனில் சுற்றுகிற கோன் வைண்டிங்கில் இருந்தவள். என் வீட்டுக்காரருக்கும் ஒரு தடவை மில்லில் கையில் அடி. அடியைவிட எனக்கு நினைவிருப்பது, கூட வேலை பார்த்தவர்கள் ஒருவர்கூட வாசல் ஏறவில்லை என்பதுதான். கோபம் இல்லாமல் இருந்திருக்கலாம், சங்கடப்பட்டு நின்றிருக்கலாம். வீட்டுக்குள் இருக்கிறவளுக்கு அது எப்படித் தெரியும்? நீங்கள் கூச்சப்பட்டுக்கொண்டு இருக்கிற ஒவ்வொரு நாளும் அந்த அம்மா, என் பிள்ளையை வைத்து வேடிக்கை காட்டிவிட்டு விட்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பாள். அதிகாரியிடம் போகும் முன் அங்கே போங்கள் அண்ணாச்சி. அந்த எலக்ட்ரீசியனையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்தான் ராத்திரி தூங்காமல் இருப்பார்.

அடுத்தது காசு. அவன் பத்து நாள் லீவு சம்பளத்தோடு போட்டானா, இல்லாமலா? சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கிறார்கள் என்றால் அந்த மருந்தகத்துக்குப் போய்ச் சீட்டு வாங்கச் சொல்லுங்கள். அங்கே டாக்டர் ஓய்வு எழுதித் தந்தால் நோய்க்காலப் பணம் வரும், சராசரி தினக்கூலியில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை. அதற்கு முந்தின ஆறு மாதக் கணக்கில் குறைந்தது 78 நாள் பணம் கட்டியிருக்க வேண்டும். வேலை விபத்து என்று எழுதினால் 90 சதவீதம் வரும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கம்பு ஆட்டத்தில் பட்ட அடியை மெஷினில் பட்ட அடி என்று எழுதாதீர்கள். தெரிந்தால் பையன் வேலைக்கும் ஆபத்து, உங்கள் குழுவும் அதோடு முடிந்தது.

இன்னொன்றும் கேட்கிறேன். பதினான்கு பேரில் பெண்கள் எத்தனை பேர்?

தாழையூத்து பிட்டர்:

அக்கா, ஒருவர்கூட இல்லை. மூன்று பேர் ஆசைப்பட்டுக் கேட்டார்கள். 5 மணிக்கு ஆரம்பித்தால் முடியும்போது கம்பெனி பஸ் இருக்காது என்று விட்டுவிட்டார்கள். நானும் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

நீங்கள் வீட்டைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி முழுக்க அதுவே மனதில் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.

பாளை கணக்கர்:

ஒரு நிறுவனத்தில் ஆட்கள் பிரிவில் வேலை பார்க்கிறேன். அதிகாரி பக்கத்திலிருந்து இரண்டு வரி. அவர் பயப்படுவது சிலம்பத்தைப் பார்த்து அல்ல, நாளைக்கு ஒன்று நடந்தால் யார் பதில் சொல்வது என்பதைப் பார்த்து. ஆகவே எழுத்தில் போங்கள். யார் யார் உறுப்பினர், எந்த நாள், எந்த இடம், யார் பொறுப்பு, என்னென்ன ஆட்டம் கிடையாது, முதலுதவிப் பெட்டி எங்கே, அடிபட்டால் எந்த ஆஸ்பத்திரி. ஒரு பக்கம் போதும். நடந்த விபத்தையும் அதிலேயே எழுதி, அதனால் என்ன மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். மறைத்த கடிதத்தைவிட அதற்கு மதிப்பு அதிகம். நிரந்தர அனுமதி கேட்காதீர்கள். மூன்று மாதம் சோதனைக்குக் கேளுங்கள்.

தாழையூத்து பிட்டர்:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

எக்ஸ்ரேயில் எலும்பு பிய்யவில்லை, நார்தான். ஸ்பிளிண்ட் போட்டார்கள். இன்றோடு முப்பத்தி நான்கு நாள், ஒரு தடவைகூட மடங்க விடவில்லை. கழற்றித் துடைப்பது அவன் அம்மாதான். கோயிலில் விளக்குத் திரி தூண்டுகிற மாதிரி அவ்வளவு கவனமாகச் செய்வதாக அவனே சொன்னான்.

வீட்டுக்குப் போனோம், நானும் எலக்ட்ரீசியனும். என்ன பேசுவது என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். வாசலில் நின்றதும் எல்லாம் மறந்துவிட்டது. "என் தப்புதான் மதினி, அவசரப்பட்டுட்டேன்" என்று மட்டும்தான் வாயில் வந்தது. அவர்கள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "கம்பு சுத்த வேண்டாம்னு நான் சொல்லலியே. இவுக அப்பாவும் கொடைக்குச் சுத்துனவுகதான். ஒருத்தரும் எட்டிப் பாக்கலியேன்னுதான் இருந்துச்சு" என்றார்கள். எலக்ட்ரீசியன் அழுதுவிட்டார். முக்கூடல் அக்கா, நீங்கள் சொல்லாவிட்டால் நான் போயிருக்க மாட்டேன். லீவு சம்பளத்தில் அவனுக்குக் குறைந்ததைக் குழுவில் பதிமூன்று பேரும் போட்டுக் கொடுத்தோம். இ.எஸ்.ஐ. சீட்டு இரண்டாவது வாரத்திலிருந்து சரியாக வாங்கிக்கொண்டிருக்கிறான்.

அதிகாரிக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். விபத்தையும் எழுதினேன். இரண்டு தடவை படித்துவிட்டு, "தீப்பந்தம் கிடையாது" என்ற வரியில் விரலை வைத்து, "இது யாரு சொன்னா?" என்று கேட்டார். விக்கிரமசிங்கபுரத்து ஜாபர் ஒருவர் என்றேன். மூன்று மாதம் கொடுத்திருக்கிறார். ஞாயிறு மட்டும் நேரத்தைக் காலை 7 மணிக்கு மாற்றச் சொல்லி நானே கேட்டு வாங்கினேன். ராத்திரி ஷிப்ட் முடிந்து போகிற பஸ் அன்றைக்கு மட்டும் எட்டரைக்குக் கிளம்பும். வைண்டிங்கிலிருந்து நான்கு பெண்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

போன ஞாயிறு மறுபடி கூடினோம். எல்லோரையும் கம்பை வேப்பமரத்தில் சாய்த்து வைக்கச் சொன்னேன். மோதிரங்களை ஒரு சில்வர் டம்ளரில் போட்டார்கள். ஒன்றேகால் மணி நேரம் வெறும் காலடி. இரண்டு பேர் முனகினார்கள். முனகட்டும். பையனும் வந்திருந்தான். ஸ்பிளிண்ட் போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, கடைசி வரிசையில் நின்று, ஒரு காலடிகூட விடவில்லை. அவனுக்கு எதிரே எலக்ட்ரீசியன், நுனியும் நுனியும் தொடுகிற தூரத்தில்.

ஜாபர் அண்ணாச்சி, பிரம்பு எங்கே வாங்கினால் கணு நெருக்கமில்லாமல் நேராகக் கிடைக்கும்? டவுனில் பார்த்ததெல்லாம் கூடை பின்னுகிற மெல்லிசுப் பிரம்பாக இருக்கிறது. பிசியோ அவர்களே, எட்டு வாரம் முடிந்து ஸ்பிளிண்டைக் கழற்றிய பிறகு அவன் கம்பு பிடிக்க இன்னும் எத்தனை நாள் பொறுக்க வேண்டும்? தினமும் கேட்கிறான்.

பாளை பிசியோ:

எட்டு வாரம் முடிந்ததும் ஒரேயடியாகக் கழற்றாதீர்கள். டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு, இன்னும் சில வாரம் ராத்திரி தூங்கும்போதும் கைக்கு வேலை கொடுக்கும்போதும் போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். முதலில் இழை எடுக்கிற வேலைக்கு விரல் பழகட்டும். அது வலியில்லாமல் வந்த பிறகு என்னிடம் கூட்டிக்கொண்டு வாருங்கள், பிடியைப் பார்த்துச் சொல்கிறேன். வரும்போது அவன் கம்பையும் எடுத்து வரச் சொல்லுங்கள்.